இரண்டரை நாழிகை முந்திய அரசன்

முன்னொரு காலத்தில், சூரியனுக்கு வேலை நேரம் குறித்துக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிராத காலத்தில், மகுடவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான். குடிகளை வருத்தமாட்டான், பொய் சொல்லமாட்டான். ஒரே ஒரு பித்து உண்டு. கிடாய்ச் சண்டை. சபை கலைந்ததும் கிடாய்க் களத்துக்குப் போய் உட்கார்ந்தால், கிடாய்கள் முட்டுவதைப் பார்த்துக்கொண்டே சோறு தண்ணீர் மறந்துவிடுவான்.

ஒரு நாள் அரசனுடைய செவலைக் கிடாய் வெற்றி பெறப் போகிற நேரம். எதிர்க் கிடாய் பின்வாங்கிப் பின்வாங்கிக் கயிற்றோரம் போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்துச் சூரியன் விழுந்துவிட்டான். தீவட்டியைக் கொண்டுவந்தார்கள். நெருப்பைப் பார்த்த செவலை மிரண்டு, களத்தைத் தாண்டி, அரசனுடைய மடியையும் தாண்டி ஓடிவிட்டது. அரசன் எழுந்து நின்று மேற்கே பார்த்தான். தன்னுடைய நாட்டில், தன்னைக் கேட்காமல் இருட்டிவிட்டது என்று அப்போதுதான் முதன்முதலாக அவனுக்கு உறைத்தது.

மறுநாள் சபையில் அவன் சொன்னது ஒன்றுதான். "நம் நாட்டில் மாலை குட்டையாக இருக்கிறது. அதை நீட்டுங்கள்."

சபையில் பிரதானி விருத்தகிரி மட்டும் எழுந்தார். அரசன் எதைக் கேட்டாலும் முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. அந்த ஒரு குணத்தாலேயே பிரதானியானவர் அவர்.

அந்த நாட்டில் நேரம் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அடியில் ஊசித் துளை போட்ட செம்பு வட்டில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவார்கள். துளை வழியாகத் தண்ணீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே முரசு அடிப்பார்கள். சூரியன் உதித்ததும் எண்ணத் தொடங்கி, முப்பது அடித்தால் மாலை முரசு. ஊர் விளக்கு வைக்கும்.

பிரதானி சொன்ன யோசனை இதுதான். எல்லா முரசையும் இரண்டரை நாழிகை முந்தி அடித்துவிட வேண்டும். மக்கள் முந்தி எழுவார்கள், சபை முந்திக் கூடி முந்திக் கலையும், அதன் பிறகு வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஐப்பசியில் மழை வந்து களம் சேறானதும் அந்த இரண்டரை நாழிகையை ஜனங்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். அரசனுக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று கேட்டான்.

சபையில் காளத்தி என்று ஒரு விகடன் இருந்தான். ஒல்லியான ஆள், முகத்தில் சிரிப்பே இருக்காது. எதிரே இருப்பவர்கள்தாம் சிரிப்பார்கள். அவன் மெல்ல எழுந்து, "மன்னா, ஜனங்களுக்குத் தண்டோரா போட்டுவிடலாம். சூரியனுக்கு யார் போய்ச் சொல்வது?" என்று கேட்டான்.

அரசன் சிரித்தான். பிரதானி சிரிக்கவில்லை. பல வருஷமாகவே காளத்தி சொல்வதற்கு அரசன் சிரிப்பது அவருக்கு நெஞ்சில் முள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தலைநகரைத் தவிர நாட்டில் மூன்று சீமைகள். ஒவ்வொரு சீமைக்கும் ஒரு தலைவர், ஒரு வட்டில், ஒரு முரசு. வரி அரசனுக்கு, வட்டில் சீமைக்கு என்பது தலைமுறை தலைமுறையான ஏற்பாடு. அதனால் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. பேசினார்கள் பாருங்கள், அதைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் தலை சுற்றியிருக்கும்.

கீழ்ச்சீமை கடலோரம். அதன் தலைவர், கடல் எந்த முரசுக்கும் ஏறி இறங்குவதில்லை, எங்கள் வலைக்காரர்களுக்கு இது ஆகாது என்று கண்ணீர் விட்டார். அவருடைய பல்லக்கில் கூடுதலாக ஒரு பட்டுக் குஞ்சம் தொங்கவிடலாம் என்று அனுமதி கிடைத்ததும் கண்ணீர் நின்றது, ஆகும் என்றார். மேல்சீமை மலையடி. அதன் தலைவருக்குப் புதுநேரம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கீழ்ச்சீமை ஏற்றதை அப்படியே ஏற்றால் தமக்கு என்ன மரியாதை என்று யோசித்து, பாதி மட்டும் முந்துகிறோம் என்றார். பாதி! ஒன்றே கால் நாழிகை! அதற்கும் சபை தலையாட்டியது.

தென்சீமை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அதன் தலைவர் சேந்தனார் அரசனுக்கு மாமனார். அவர் நேரில்கூட வரவில்லை. ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார்: "என் வட்டில் என் ஊர்த் தண்ணீரில் மிதக்கிறது. அது எப்போது மூழ்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்ல வேண்டாம்."

அரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் ராணி நடுவில் புகுந்து சமாதானம் செய்திருப்பாள். அவளோ தலைப்பிரசவம் என்று வளைகாப்பு முடிந்து, அப்பா வீட்டில், அதாவது அதே தென்சீமையில் இருந்தாள்.

பங்குனி முதல் நாள் புதுநேரம் வந்தது. இந்தக் கரையில் மாலை முரசு அடிக்கும்போது சூரியன் பனைமரத்துக்கு மேலே நிற்கும். அந்தக் கரை முரசு மட்டும் பழையபடி, சூரியன் விழுந்த பிறகுதான் அடிக்கும். அரசன் களத்தில் உட்கார்ந்து நீளமான மாலையை அனுபவித்தான். நாடு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? மேல்சீமை மாப்பிள்ளை ஒருவன் மேளதாளத்தோடு தலைநகருக்குத் தாலி கட்ட வந்தான். அவன் ஊர்க் கணக்கில் முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மணமேடையில் பெண் இல்லை. முகூர்த்தம் தப்பிவிட்டது என்று புரோகிதர் சாப்பிட்டு வெற்றிலை போட்டுப் புறப்பட்டே போய்விட்டார். அந்த மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பந்தலிலேயே நின்றான்.

ஜனங்கள் முரசை நம்பாமல் காலடி நிழலை அளந்து நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். பிரதானி பொறுப்பாரா? ஆணையில் மேலும் சில வரிகள் சேர்த்தார். சூரியனைப் பார்த்தோ நிழலை அளந்தோ நாழிகை சொல்லக் கூடாது. பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஜாதகம் எல்லாம் அரச முரசுப்படியே கணிக்கப்பட வேண்டும். தென்சீமை முரசு வெறும் சத்தம், அதை நாழிகை என்று சொல்வது குற்றம். அரச முரசில் மாலை அடித்த பிறகு ஆற்றைக் கடப்பதும் குற்றம். மீறினால் வலது கை போகும்.

கை, ஐயா. மனுஷனுடைய கை. எழுதியவருக்கும் கை இருந்தது, முத்திரை வைத்தவனுக்கும் கை இருந்தது. இருவருக்கும் நடுங்கவில்லை.

இதற்கிடையில் காளத்தி ஒரு நாள் சபைக்குத் தாமதமாக வந்தான். கக்கத்தில் ஒரு சேவல், காலில் கயிறு கட்டியிருந்தது. பிரதானி காத்துக்கொண்டிருந்தவர்போல எழுந்து, அரச முரசை மதிக்காமல் வந்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்டார். காளத்தி சேவலைக் கீழே இறக்கிவிட்டான்.

"குற்றவாளி இதுதான், மன்னா. தினமும் இது கூவித்தான் எழுவேன். அரச முரசு அடித்தும் கூவாமல், சூரியனைப் பார்த்தே கூவுவேன் என்று பிடிவாதம் பிடித்தது. ஆணைப்படி கட்டி இழுத்து வந்திருக்கிறேன்."

சபை சிரித்தது. ஆனால் அன்றைக்கு அரசன் சிரிக்கவில்லை. மாமனார்மேல் இருந்த கோபம் இன்னும் அவனுக்குள் புகைந்துகொண்டிருந்தது. பிரதானி அந்த முகத்தைப் படித்துவிட்டார். குனிந்து அரசன் காதில் ஏதோ சொன்னார். அரசன் அதையே உரக்கச் சொன்னான்.

"காளத்தி, இனி புதுநேரத்துக்கு எதிராக உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் உன் நாக்கு உனக்கில்லை. ஆணையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நீ கடைப்பிடிக்க வேண்டும். சேவல் சிறையில் இருக்கட்டும்."

சபை திகைத்தது. ஒரு விகடனின் நாக்கைப் பிடுங்குவதாக அந்த அரசன் அதுவரை சொன்னதில்லை. காளத்திக்கும் அது எதிர்பாராத அடிதான். ஆனாலும் கைகூப்பி, "எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறேன், மன்னா" என்றான். பிரதானி அன்றிரவு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார் என்று கேள்வி.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலை, சிறையில் இருக்கிற சேவலுக்குத் தானியம் போடப் போனான் காளத்தி. கொட்டடியில் சேவலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் பரிசல் ஓட்டுகிற குருவம்மாள். இரு கரையிலும் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. வெள்ளத்தில் போன கன்றுக்குட்டிகளையும் மனிதர்களையும் இழுத்துக் கரை சேர்த்தவள். அவள் கையை விலங்கில் பார்த்ததும் காளத்திக்குத் தானியம் கையிலிருந்து கொட்டிவிட்டது.

"என்ன ஆத்தா இது?"

"ராசாவுக்கு மவன் பொறந்திருக்கான் சாமி" என்றாள் குருவம்மாள். முதலில் அதைத்தான் சொன்னாள். "நேத்து பொழுது சாயறதுக்கு முன்ன. ராணியம்மா என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. அப்பாரு கோவத்துல ஆள் அனுப்ப மாட்டேங்குறாரு, நீ போய் மொதல்ல அவருகிட்ட சொல்லுன்னாங்க. கற்கண்டு கட்டிக் குடுத்தாங்க. நான் துடுப்பு போடறப்ப சூரியன் பனைக்கு மேல நிக்குது. பாதி ஆத்துல வர்றப்ப இந்தக் கரை முரசு அடிக்குது. நான் என்ன செய்ய, ஆத்தையா திருப்பி விட முடியும்?"

மீதியையும் சொன்னாள். கரையில் காவலர்கள் பிடித்துப் பிரதானி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் கற்கண்டை நீட்டிச் செய்தியைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எந்த முரசுக்குப் பிறந்தது என்றுகூட விசாரித்தார். பிறகு கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்துத் தம்முடைய பெட்டியில் வைத்துக்கொண்டு, இவளை இங்கே அனுப்பிவிட்டார்.

ஏன் என்று காளத்திக்கு உடனே விளங்கியது. வாரிசு பிறந்த செய்தியை முதலில் சொல்பவருக்கு அரசன் தன் கழுத்து மாலையைக் கழற்றிப் போடுவான், கேட்ட வரமும் கொடுப்பான். அது அந்த நாட்டு வழக்கம்.

"அரசனுக்கு நீ இங்கே இருப்பது தெரியுமா?"

தெரியும். அதைக் காவலன் சொன்னான். அக்கரைப் பெண் ஒருத்தி முரசை மீறி ஆற்றைக் கடந்தாள் என்று நேற்றே பிரதானி களத்தில் அரசனிடம் சொல்லியிருக்கிறார். அரசன் கிடாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஆணைப்படி செய்யுங்கள் என்று கையை அசைத்திருக்கிறான். இன்று மாலை முரசு அடித்ததும், ஆற்றங்கரையில் தண்டனை.

தன் மகன் பிறந்த செய்தியைச் சுமந்து வந்த கையை வெட்டச் சொல்லி, யார் என்றுகூடக் கேட்காமல், அந்த அரசன் கையை அசைத்திருக்கிறான். காளத்தி கொட்டடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"இந்தக் கை போனா துடுப்பை எதுல புடிக்கிறது சாமி?" என்று குருவம்மாள் கேட்டாள். அழவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அரசனிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் கற்கண்டு பிரதானியிடம் இருக்கிறது. பரிசல்காரி பொய் சொல்கிறாள் என்பார். புதுநேரத்தால் வந்த வினை என்று காளத்தி வாய் திறந்தால் அவன் நாக்கும் போகும், குருவம்மாள் கையும் போகும். எதிர்த்துப் பேச வழியில்லை. கடைப்பிடிக்கத்தான் வழி உண்டு. அவன் எழுந்து, சேவலுக்கு இன்னொரு பிடி தானியம் போட்டுவிட்டுப் புறப்பட்டான். போகிற வழியில், ஜாதகம் கணிக்கிற அரண்மனை நிமித்திகர் பூதநாதர் வீட்டில் நின்று ஒரு சந்தேகம் கேட்டான். அங்கிருந்து ஓர் அகல்விளக்கும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். தண்டனை நிறைவேற்றுகிற வீரபத்திரனோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தான்.

பிற்பகல் கிடாய்க் களம் நிரம்பி வழிந்தது. செவலை அன்றைக்கு வெறியோடு முட்டிக்கொண்டிருந்தது. அரசன் குதூகலமாக இருந்தான். அதற்காகவே காலையிலிருந்து காத்திருந்த பிரதானி, பட்டுத்துணி போர்த்திய தட்டோடு முன்னே வந்தார். தட்டில் கற்கண்டு.

"மன்னர் மன்னா, தங்களுக்கு ஆண் வாரிசு பிறந்திருக்கிறது."

அரசன் செவலையை மறந்தான். களத்தையே மறந்தான். கற்கண்டைக் கையில் எடுத்தவன் அதை வாயில் போடத் தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதான். கூட்டம் ஆரவாரித்தது. அவன் கழுத்து மாலையைக் கழற்றக் கையைத் தூக்கியபோது காளத்தி முன்னே வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மன்னா, ஆணைப்படி இளவரசரின் ஜாதகத்தை இப்போதே குறித்துவிட வேண்டும். நிமித்திகர் ஓலையோடு வந்திருக்கிறார்."

அரசனுக்கு அதுவும் நல்ல யோசனையாகப் பட்டது. பிரதானியைப் பார்த்து, குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டான். தமக்கே பிள்ளை பிறந்ததுபோலப் பூரித்திருந்த பிரதானி, யோசிக்காமல் சொன்னார்.

"நேற்று இருபத்து மூன்றாம் நாழிகை முரசு அடித்தபோது, மன்னா."

"எந்தக் கரை முரசு, பிரதானியாரே?" என்றான் காளத்தி.

பிரதானிக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை பிறந்தது அக்கரையில். அங்கே அடிப்பது அந்தக் கரை முரசு.

காளத்தி காதைப் பொத்திக்கொண்டான். "அபசாரம். தென்சீமை முரசு வெறும் சத்தம் என்று ஆணை இருக்கும்போது, மன்னர் முன்னிலையில் அதை நாழிகை என்று சொல்லிவிட்டாரே. பதறிப்போய்ச் சொல்லியிருப்பார், மன்னிக்க வேண்டும். பூதநாதரே, இரண்டரை நாழிகை கூட்டிக்கொள்ளுங்கள். அரச முரசுப்படி இருபத்தைந்தரை."

பூதநாதர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு ஓலையைக் கீழே வைத்தார்.

"என்ன லக்னம்?" என்றான் அரசன்.

"கன்னி, மன்னா."

"நல்லதுதானே?"

நிமித்திகர் காளத்தியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நேற்றைய கிரக நிலையில் கன்னி லக்னத்தில் பிறக்கிற பிள்ளை தகப்பனுக்கு ஆகாது என்றார். பதினாறு வயது முடியும்வரை தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றார்.

கிடாய்கள்கூட முட்டுவதை நிறுத்திவிட்டன. அரசன் கையிலிருந்த கற்கண்டு புழுதியில் விழுந்தது. சற்று முன் அழுத கண்ணில் இப்போது ஒன்றுமே இல்லை. பதினாறு வருஷம். பால் வாசனை போய், மழலை போய், மீசை முளைத்த பிறகு வந்து நிற்கப் போகிற மகன்.

"அந்தக் கரை முரசுப்படி?" என்று கேட்டான்.

"சிம்ம லக்னம், மன்னா. நாடாளப் பிறந்த ஜாதகம். தகப்பனுக்கு ஆயுள் கூடும்."

"சிம்மம் என்று எழுதுங்கள்."

பூதநாதர் எழுத்தாணியை எடுத்தார். காளத்தி பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எழுதாதீர்கள், ஐயா. எழுதினால் உங்கள் வலது கை போய்விடும். மன்னா, எழுத்துக்கு எழுத்து கடைப்பிடி என்று எனக்குக் கட்டளை. பிறப்பும் ஜாதகமும் அரச முரசுப்படிதான். தென்சீமைக்கு நாழிகையே கிடையாது. இளவரசர் பிறந்தது கன்னியில்தான். பதினாறு வருஷம்தானே, பார்க்காமல் இருந்துவிடலாம்."

"அடே, என் மகன் அந்தக் கரையில் பிறந்தான்" என்றான் அரசன். எழுந்துவிட்டான். "அங்கே சூரியன் எங்கே நின்றதோ அதுதான் அவன் பிறந்த நேரம். நான் இங்கே முரசை மாற்றி அடித்தால் அங்கே பிள்ளை மாறிப் பிறந்துவிடுமா? அந்த வட்டிலும் வட்டில்தான். அந்த முரசும் முரசுதான்."

"தங்கள் வாக்காகவே ஏற்கலாமா?"

"ஏற்றுக்கொள்."

"அப்படியானால் மன்னா, நேற்று அந்த முரசை நம்பி, மாலைக்கு முன்பே பரிசல் எடுத்து வந்த ஒருத்தி குற்றவாளி இல்லையே?"

அரசனுக்குப் புரியவில்லை. காளத்தி இரண்டே வாக்கியத்தில் சொன்னான். இந்தக் கற்கண்டைச் சுமந்து வந்தவள் பரிசல்காரி குருவம்மாள். மாலை முரசு அடித்ததும் அவள் கையை வெட்டும்படி தாங்கள் நேற்று இதே இடத்தில் உட்கார்ந்து ஆணையிட்டீர்கள்.

அரசன் பிரதானியைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகமே எல்லாவற்றையும் சொன்னது. அந்த நேரம் பார்த்து அரண்மனைப் பக்கமிருந்து மாலை முரசு அடித்தது.

அந்த அரசன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடினான். கிரீடம் விழுந்தது, எடுக்கவில்லை. செருப்பு ஒன்று மணலில் புதைந்தது, நிற்கவில்லை. வெயில் முதுகில் அடிக்க, நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே ஆற்றங்கரையைப் பார்த்து ஓடினான். பின்னால் களமே ஓடியது. காளத்தியும் ஓடினான். வீரபத்திரன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவானா என்று யாருக்குத் தெரியும்?

கரையில் குருவம்மாள் கட்டையின்மேல் கையை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீரபத்திரன் அரிவாளைத் தரையில் போட்டுவிட்டு, பட்டப்பகல் வெயிலில் எரிகிற ஓர் அகல்விளக்கை ஆற்றுக்காற்றில் அணைந்துவிடாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான்.

அரசன் முட்டுக்குத்தி உட்கார்ந்து குருவம்மாளின் கையைத் தொட்டுப் பார்த்தான். கை இருந்தது.

"ஏன் வெட்டவில்லை?" என்று வீரபத்திரனைக் கேட்டான்.

வீரபத்திரன் பயந்துபோனான். "நான் ஆணையை மீறல சாமி. முரசு அடிச்சதும் வெட்டணும்னு உத்தரவு. ஆனா முரசு அடிச்சா விளக்கு வைக்கிற நேரமில்லையா? காளத்தி ஐயா விளக்கையும் குடுத்து, ஆணைப்படி ஏத்திடுன்னு சொல்லிட்டுப் போனாரு. ஏத்தினேன். விளக்கு வெச்ச பொறவு எங்க வீட்டுல நகம்கூட வெட்டமாட்டோம். கையை எப்பிடி சாமி வெட்டறது?"

அரசன் சூரியனைப் பார்த்தான். அது பனைமரத்துக்கு மேலே ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்தான். விளக்குக்குக் குடைபோலக் கை பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டிருந்த வீரபத்திரனைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அழுகை எது, சிரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. குருவம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

கழுத்து மாலை அவள் கழுத்துக்குப் போயிற்று. என்ன வரம் வேண்டும் என்று கேட்டான் அரசன். அவள் விலங்கு கழன்ற கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நான் வந்து சேர்ந்தேனா இல்லையான்னு ராணியம்மா ராத்திரி பூரா தவிச்சிருப்பாங்க. அக்கரை முரசு அடிக்கறதுக்குள்ள நான் போவணும். அம்புட்டுத்தான்."

"நானும் வருகிறேன்" என்றான் அரசன். ஒற்றைச் செருப்போடு பரிசலில் ஒரு காலை வைத்தான். காளத்தி ஓடிவந்து பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மன்னா, மாலை முரசு அடித்தாயிற்று. இந்த நேரத்தில் ஆற்றைக் கடந்தால் என்ன ஆகும் என்று தங்கள் ஆணையிலேயே இருக்கிறது. வீரபத்திரா, விளக்கை அணைத்துவிடு, உனக்கு இன்னொரு வேலை வந்திருக்கிறது."

அரசன் தன் வலது கையை நீட்டி ஒருமுறை பார்த்துக்கொண்டான். அந்தக் கையாலேயே காளத்தியின் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு, பரிசல் கவிழ்ந்துவிடும்போலச் சிரித்தான். சிரித்து முடிந்ததும் அங்கேயே ஆணையை ரத்து செய்தான். முரசுக்காரன் சூரியனைப் பார்த்து வட்டிலைத் திரும்ப மிதக்கவிட்டான். தலைநகரில் ஒரே நாளில் இரண்டு முறை மாலை முரசு அடித்தது அன்றைக்கு மட்டும்தான். இரண்டாவது முரசு அடித்தபோது அரசன் அக்கரையில் மாமனார் வீட்டில், தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்ததும் பிரதானியை என்ன செய்வது என்று காளத்தியைக் கேட்டான் அரசன். காளத்தி, அவருக்குத் தண்டனையே வேண்டாம், புதுநேரத்தை அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தவரிடமிருந்து அதைப் பிடுங்குவது பாவம், அவர் ஒருவர் மட்டும் அதையே வைத்துக்கொள்ளட்டும் என்றான். அரசன் மறுபடியும் சிரித்து, அப்படியே உத்தரவிட்டான். காளத்திக்குப் பிரதானியின் பல்லக்கைப் பரிசாகக் கொடுத்தான். வேறென்ன வேண்டும் என்றதற்குக் காளத்தி கேட்டது சிறையில் இருக்கிற சேவலைத்தான்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் காளத்தி வீட்டு முற்றத்தில், பல்லக்கின் கூரைமேல் ஏறி நின்று சேவல் கூவியது. ஊர் நிதானமாக எழுந்தது. பிரதானி விருத்தகிரி மட்டும் அதற்கு இரண்டரை நாழிகை முன்பே குளித்து, பட்டு கட்டி, இருட்டில் சாத்திக்கிடந்த சபைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.